நூலைத் தின்ற நீர்

நேற்று ராத்திரி நீங்கள் சாப்பிட்ட ஆட்டுக்கறியைக் கரைத்தது யார் தெரியுமா? இரைப்பைக்குப் பின்னால் சத்தமில்லாமல் படுத்துக்கிடக்கும் கணையம். ஒரு ஜாண் நீளம்கூட இல்லை. ஆனால் அது சுரக்கும் நீர் புரதம், கொழுப்பு எதையும் விட்டுவைக்காது. குழாய்க்குள் ஓடும்வரை சமர்த்து. வெளியே கசிந்தால்? தட்டிலிருந்து வந்த கறிக்கும் நம்முடைய சொந்தக் குடலுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது!

1930களில் நியூயார்க் சர்ஜன் ஆலன் விப்பிள் இந்த நீரிடம்தான் முதலில் தோற்றார். புற்றுநோய்க்காகக் கணையத்தின் தலைப்பகுதியையும் முன்சிறுகுடலையும் வெட்டியெடுக்கும் ஆபரேஷன். பெர்லினில் வால்டர் கௌஷ் 1909-லேயே செய்து பார்த்ததுதான். விப்பிள் பக்குவமாகத்தான் தைத்தார். முதல் நோயாளி இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. காரணம், நூல்! அந்தக் காலத்துத் தையல் நூலான 'கேட்கட்', பெயரில்தான் பூனை; செய்வது ஆட்டுக்குடலில். அதாவது, புரதம். கணைய நீர் தையலையே தின்றுவிட்டது.

அடுத்தடுத்த ஆபரேஷன்களில் விப்பிள் பட்டுநூலுக்கு மாறினார். 1935-ல் மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதினார். உலகம் அந்த ஆபரேஷனுக்கு அவர் பெயரையே வைத்தது.

பிரச்னை தீர்ந்ததா? எங்கே! 1960களில்கூடப் பல ஆஸ்பத்திரிகளில் நாலில் ஒருவர் பிழைக்கவில்லை. 'இந்த ஆபரேஷனே வேண்டாம்' என்று 1970-ல் ஜார்ஜ் கிரைல் என்ற அமெரிக்க சர்ஜன் வெளிப்படையாகவே எழுதினார். 1993-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை பதில் சொன்னது: தொடர்ந்து 145 பேர், ஒருவர்கூட ஆஸ்பத்திரியில் சாகவில்லை. தினமும் இதையே செய்து பழகிய கைகள்!

சாவு குறைந்தது, கசிவு போகவில்லை. இங்கே ஒரு வேடிக்கை. நோயால் இறுகிப்போன கணையத்தில் தையல் கெட்டியாக நிற்கும். மிருதுவான, நல்ல கணையத்தில்தான் பிய்த்துக்கொள்ளும். அல்வாவில் ஊசி குத்துகிற கதை. கசிந்த நீர் பக்கத்து ரத்தக்குழாயை அரித்தால், ஒரு வாரம் கழித்துக்கூடத் திடீரென்று ரத்தம் கொட்டும். வீட்டார் 'இனி பயமில்லை' என்று மூச்சுவிடுகிற நேரம் அது.

இன்னொரு கூத்து, 'கசிவு' என்றால் எது என்பதிலேயே ஆளுக்கொரு கணக்கு. 2005-ல்தான் பல நாட்டு சர்ஜன்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்தார்கள்: மூன்றாம் நாளோ அதற்குப் பிறகோ, வயிற்றிலிருந்து வரும் குழாய்நீரில் அமிலேஸ் அளவு ரத்தத்தில் இருக்க வேண்டியதைப்போல மூன்று மடங்கைத் தாண்டினால் அது கசிவு. 2016-ல் திருத்தினார்கள். அளவு ஏறியும் நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லையென்றால், பெரிதுபடுத்த வேண்டாம்.

அதனால்தான் வார்டு ரவுண்டுக்கு வரும் டாக்டர், நோயாளியின் முகத்தைப் பார்த்த கையோடு கட்டிலுக்கடியில் தொங்கும் பாட்டிலையும் குனிந்து பார்க்கிறார்.