சொலிட்டேர்: எது தனித்திருக்கிறது?

நகைக்கடையில் ‘சொலிட்டேர்’ என்றால் ஒற்றை வைரம் பதித்த மோதிரம். கணினி முன் பொழுதைக் கழிப்பவருக்கு அது சீட்டாட்டம். மோதிரத்தில் தனித்திருப்பது கல். சீட்டாட்டத்தில் தனித்திருப்பது ஆள். தனிமையை ஒவ்வொரு காலத்திலும் வேறொன்றின் தலையில் ஏற்றிவைத்தே இச்சொல் பொருள் மாறி வந்திருக்கிறது.

லத்தீனில் ‘சோலுஸ்’ என்றால் தனி. அதிலிருந்து ‘சோலிதாரியுஸ்’, அதன் பிரெஞ்சு வடிவம் சொலிட்டேர். அது முதலில் குறித்தது ஒதுங்கி வாழும் மனிதரை. 1630களின் இறுதியில் உலகியலைத் துறந்து போர்-ரொயால் மடத்தைச் சார்ந்து வாழத் தொடங்கிய அறிஞர்களைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘சொலிட்டேர்கள்’ என்றார்கள். கூடி வாழ்ந்தவர்களுக்குத் தனியர் என்று பெயர்! வேட்டைக்காரர்களோ கூட்டத்தைப் பிரிந்து திரியும் கிழட்டு ஆண் காட்டுப்பன்றிக்கு இதே பெயரை வைத்தார்கள். நாம் ‘ஒற்றை யானை’ என்பதைப் போலத்தான்.

பறவையும் தப்பவில்லை. 1691இல் இந்தியப் பெருங்கடலின் ரொத்ரீகெஸ் தீவில் இறங்கிய பிரெஞ்சுப் புராட்டஸ்தாந்து அகதி பிரான்சுவா லெகா, அங்கே பறக்க மாட்டாத பெரிய பறவை ஒன்றைக் கண்டார். அது கூட்டமாகத் தென்படுவது அரிது என்பதால் சொலிட்டேர் என்றார். டோடோவின் நெருங்கிய உறவான அந்தப் பறவை இன்று இல்லை. அதன் அறிவியல் பெயரில் ‘சோலிதாரியா’ என்ற சொல் மட்டும் இருக்கிறது.

ஆட்டத்தின் பெயருக்கு வருவோம். முதலில் சொலிட்டேர் எனப்பட்டது சீட்டாட்டம் அன்று, பலகையாட்டம். பஸ்தீய் சிறையில் தனியறையில் கிடந்த ஒரு கைதி கண்டுபிடித்த ஆட்டம் என்று ஒரு கதை உண்டு. பெயருக்கு ஏற்பப் பின்னால் புனைந்த கதை என்றே தோன்றுகிறது. கிடைக்கும் தொடக்கச் சான்று சிறையைக் காட்டவில்லை; 1697இல் குளோத்-ஒகுஸ்த் பெரே செதுக்கிய படத்தில் இந்தப் பலகையோடு இருப்பவர் சூபீஸ் இளவரசி. அரசவைப் பெண்களின் புதுமோகமாக இருந்திருக்கிறது.

பிரெஞ்சுப் பலகையில் 37 குழிகள், ஆங்கிலப் பலகையில் 33. சிலுவை வடிவ ஆங்கிலப் பலகையில் நடுக்குழியைக் காலியாக விட்டு 32 காய்களை நிரப்புவார்கள். ஒரு காய் பக்கத்துக் காயைத் தாண்டிக் காலிக்குழியில் விழுந்தால், தாண்டப்பட்ட காய் வெளியே. 31 தாண்டல்களுக்குப் பின் நடுக்குழியில் ஒரே காய் நிற்க வேண்டும். ஆடுபவர் தனியர் என்பதால்தான் இப்பெயர் என்பார்கள்; எஞ்சும் அந்த ஒற்றைக் காயையும் அது சுட்டாமல் இல்லை. 1710இல் பெர்லின் அறிவியல் கழக வெளியீட்டில் இந்த ஆட்டத்தைப் பற்றி எழுதிய தத்துவஞானி லைப்னிட்ஸுக்கு அழிப்பதைவிட நிரப்புவதில்தான் விருப்பம். ஒரு காயில் தொடங்கி, தாண்டிய குழியில் காய் வைத்துக்கொண்டே பின்னோக்கி ஆடுவார்.

சீட்டுக்கு இப்பெயர் பிந்தித்தான் வந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய ஆட்டநூல்களில் தலைகாட்டும் இந்தத் தனியாள் சீட்டாட்டத்துக்கு அன்று வழங்கிய பெயர் பொறுமை எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல். இத்தகைய ஆட்டங்களின் தொகுப்பு 1826இலேயே மாஸ்கோவில் அச்சேறியது. ஆங்கிலேயரும் ‘பேஷன்ஸ்’ என்றே வழங்கினர். டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலில் மாக்விச் ஆடுவது அந்தப் பெயரில்தான். பிரெஞ்சில் ‘ரெயுசீத்’ என்றும் ஒரு பெயர் உண்டு: வெற்றி, கைகூடுதல். சீட்டு கைகூடினால் நினைத்த காரியமும் கைகூடும் என்று குறிபார்த்த பழக்கத்தின் சாயல் அதில் தெரிகிறது.

பலகையின் பெயரைச் சீட்டுக்கு நிலையாக்கியவர்கள் அமெரிக்கர்கள். அவர்களிடம் பொறுமையும் குறியும் பின்தங்க, ஆடுபவரின் தனிமை முன்னுக்கு வந்தது. 1990இல் விண்டோஸ் 3.0 கிளாண்டைக் என்ற ஒரேயொரு வகையைச் ‘சொலிட்டேர்’ என்ற பொதுப்பெயரில் கணினிக்குள் வைத்தது. நூற்றுக்கணக்கான வகைகளுக்குரிய பெயர் பலரது மனத்தில் அந்த ஒன்றுக்கே உரியதாகிவிட்டது. விண்டோஸின் பிரெஞ்சுப் பதிப்பும் அதே பெயரைத் தாங்கி வர, பலகைக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த சொல் அமெரிக்கச் சீட்டுக்கட்டோடு அவர்கள் வீட்டுக்கே திரும்பிப் போனது.