மரப் பேனாக் கடைசல்

மரப் பேனாக் கடைசல் என்பது, சுழலும் மரத்துண்டில் உளியைப் பிடித்து உருளை வடிவம் தரும் கடைசல் தொழிலின் ஒரு பிரிவாகும். சிறிய லேத்தும் கையளவு மரமுமே போதும் என்பதால், கடைசலைப் புதிதாகக் கற்போர் பலர் இதிலிருந்தே தொடங்குகின்றனர். முனை, கிளிப், ரீஃபில், அதைத் திருகி வெளிக்கொணரும் பொறி ஆகிய உறுப்புகள் ஒரே தொகுதியாக விற்கப்படுவதால், கடைபவர் பேனாவின் உடலை மட்டுமே உருவாக்குகிறார். தொடக்கநிலையில் பெரிதும் பயன்படும் ‘ஸ்லிம்லைன்’ வகையில், 7 மி.மீ. விட்டமுள்ள இரு பித்தளைக் குழல்கள் மரத்துக்கு உள்தாங்கியாக அமைகின்றன.

நன்கு உலர்ந்த, இழை நெருங்கிய ஈட்டி, கருங்காலி, ஆலிவ் போன்ற மரங்கள் இதற்கு ஏற்றவை. ஏறத்தாழ 19 மி.மீ. சதுரமும் 125 மி.மீ. நீளமும் உள்ள கட்டையை இரண்டாக அறுத்து, இழையோட்டம் மாறாதிருக்கச் சேருமிடத்தில் அடையாளமிட்டு, நீளவாக்கில் துளையிடுவர். துளையூசியை அடிக்கடி வெளியே எடுத்துத் தூளை அகற்றாவிட்டால், சூடேறி மரம் வெடிக்கும். உப்புத்தாளால் சொரசொரப்பாக்கிய குழலை எப்பாக்சி அல்லது சயனோஅக்ரிலேட் பசையால் துளைக்குள் ஒட்டி, பசை இறுகியபின் பித்தளை விளிம்பு மின்னும்வரை கட்டையின் இரு முனைகளையும் குழலுக்குச் செங்குத்தாகச் சீவுவர்.

இவ்வாறு ஆயத்தமான கட்டைகளை, ‘மேண்ட்ரல்’ எனும் மெல்லிய எஃகுத் தண்டில், இறுதி விட்டத்தைக் காட்டும் ‘புஷ்’ வளையங்களுக்கு இடையே கோத்து லேத்தில் பொருத்துவர். தண்டை அளவுக்கு மீறி இறுக்கினால் அது வளைந்து, மரம் வட்டமாகாமல் முட்டைவடிவாகும். குழிவான உளியால் மூலைகளை நீக்கியபின், சாய்முனை உளியால் வளையத்தின் மட்டம்வரை கடையப்படும். அப்போது முனைகளில் எஞ்சும் மரத்தின் தடிப்பு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவே. ஈட்டி போன்ற மரங்களின் தூசி ஒவ்வாமை தருமாதலால், முகக்காப்புடன் தூசிக் கவசமும் இன்றியமையாதது.

உப்புத்தாளைப் படிப்படியாக நுண்மையாக்கித் தேய்த்தபின், லேத்தை நிறுத்தி இழையோட்டத்தில் ஒருமுறை தேய்த்தால் வளையக் கீறல்கள் மறையும். அரக்கைச் சாராயத்தில் கரைத்துச் செய்த மெருகு, சுழலும் மரத்தில் உராய்வின் வெப்பத்தால் பளபளப்பேறுகிறது. கர்நாடகத்தின் சன்னபட்டணப் பொம்மைகளுக்கு அரக்குக் குச்சியை அழுத்தி நிறமேற்றுவதும் இதே நெறிதான். மெருகு பூசத் துணியைப் பயன்படுத்தினால், அது சுழற்சியில் சிக்கி விரலை இழுத்துவிடக்கூடும். எனவே மெருகைத் தாளால் பூசுவதே பாதுகாப்பு.

இறுதியாக, உலோக உறுப்புகள் குழல்களுக்குள் நேராக அழுத்திப் பொருத்தப்படுகின்றன. கட்டையின் முனை சாய்வாகச் சீவப்பட்டிருந்தால், மரமும் உலோகமும் சேருமிடத்தில் விழும் இடைவெளியை எந்த மெருகாலும் மறைக்க இயலாது. ஆதலால் பேனாவின் தரம், லேத் சுழலுவதற்கு முந்தைய ஆயத்தப் பணியிலேயே பெரிதும் முடிவாகிறது.