போலி என்றால் இடித்துவிடலாமா?

பழைமையான தோற்றம், ஆனால் பழைய கட்டடம் அல்ல. அந்த இடத்தில் புதிய மேம்பாட்டுத் திட்டம் வருகிறது. கட்டடத்தைக் காப்பதா, இடிப்பதா? ஜூரோங் ஏரிக்கரை இக்கேள்விக்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறது.

ஒன்று, டாங் வம்ச நகரம். சீனாவின் பண்டைத் தலைநகரான சாங்ஆனின் நகலாக, மதிலும் மாளிகையும் கடைவீதியுமாக 1992ல் திறக்கப்பட்டது. சுடுமண் வீரர் சிலைகளும் அங்கு இருந்தன. உண்மையில் அந்த வீரர்கள் டாங் காலத்துக்கு 800 ஆண்டுகளுக்கு முந்தைய சின் பேரரசைச் சேர்ந்தவர்கள். வரலாறு அங்கே அவ்வளவு தாராளமாகக் கையாளப்பட்டது! கூட்டம் குறைந்தது. 1999ல் கதவு மூடப்பட்டது. பல ஆண்டுகள் பாழடைந்து கிடந்து, 2008ல் இடிக்கப்பட்டது.

மற்றொன்று, 1975ல் திறக்கப்பட்ட சீனத் தோட்டம். இதுவும் நகல்தான். ஏழடுக்குப் பகோடாவுக்கு நான்ஜிங் நகரக் கோபுரம் முன்மாதிரி. வளைவுப் பாலத்துக்குப் பெய்ஜிங் கோடைக்கால அரண்மனைப் பாலம் முன்மாதிரி. வடிவமைத்தவர் தைவானைச் சேர்ந்த கட்டடக் கலைஞர்.

ஆனால் அது பிறந்த கதை வேறு. 1961ல் சதுப்பு நிலத்தில் தொழிற்பேட்டை தொடங்கியபோது, டாக்டர் கோ கெங் சுவீயின் வீண் வேலை என்று பலர் கேலி செய்தனர். தொழிற்சாலைகள் வந்தன, ஆனால் குடியிருக்க மக்கள் தயங்கினர். ஆற்றைத் தடுத்து ஏரி அமைத்து, 1973ல் ஜப்பானியத் தோட்டத்தையும் அடுத்துச் சீனத் தோட்டத்தையும் ஜூரோங் நகராண்மைக் கழகம் உருவாக்கியது. திருமணப் படம் எடுக்க மணமக்கள் அங்கு வந்தார்கள். விளக்குத் திருவிழாவுக்குக் குடும்பங்கள் திரண்டன.

போலிகளைக் காப்பது உண்மையான வரலாற்றைக் கொச்சைப்படுத்தும் என்பது ஒரு வாதம். நிலம் குறைந்த நாட்டில் இதை எளிதில் தள்ளிவிட முடியாது. பழைய பூகிஸ் ஸ்திரீட் 1980களில் அகற்றப்பட்டது. பின்னர் அதே பெயரில் புதிதாக அமைத்தபோது, கடைகள் வந்தன. பழைய இரவுக் கலகலப்பு வரவில்லை.

ஆனால் நகல் என்பதே குற்றமா? 1827ல் தோன்றிய சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயிலின் இன்றைய ராஜகோபுரம் பிற்காலத்தது. தமிழக மரபைப் பின்பற்றி எழுந்தது. அதை யாரும் போலி என்பதில்லை. 1973ல் அக்கோயில் தேசிய நினைவுச் சின்னமானது. கோயில் வழிபாட்டிடம், தோட்டம் வேடிக்கை இடம் என்று வாதிடலாம். அந்த வேறுபாடே நல்ல அளவுகோலைத் தருகிறது: அந்த இடத்தை மக்கள் தங்கள் வாழ்க்கையில் சேர்த்துக்கொண்டார்களா?

பகோடா பண்டைச் சீனாவுக்குச் சாட்சி அல்ல. சதுப்பு நிலத்தைத் தொழில் நகராக்கி, உழைப்பவர்களுக்கு ஓர் ஓய்விடமும் வேண்டும் என்று எண்ணிய 1970களின் சிங்கப்பூருக்குச் சாட்சி. மேம்பாட்டுப் பணிகள் முடிந்து 2024 செப்டம்பரில் இரு தோட்டங்களும் மீண்டும் திறக்கப்பட்டபோது பகோடாவும் பாலமும் நிலைத்து நின்றது சரியான முடிவு.

டாங் வம்ச நகரம் ஏழே ஆண்டுகள் இயங்கியது. மக்கள் மனத்தில் வேர்விட அது போதவில்லை. முழுவதையும் காத்திருக்கத் தேவையில்லை. ஆனாலும் ஒரு வாயிலையாவது விட்டுவைத்திருந்தால், 1990களின் சுற்றுலாக் கனவு எப்படி இருந்தது என்று இன்றைய பிள்ளைகளுக்குக் காட்ட முடிந்திருக்கும். அடுத்த கட்டடத்தின்மீது இயந்திரம் ஏறும் முன், அதன் வயதை மட்டும் பார்க்காமல், அங்கே யார் வந்து போனார்கள் என்பதையும் விசாரிப்பது நல்லது.