சூசாக் சிண்ட்ரோம்

மூளை, விழித்திரை, உட்காது ஆகிய மூன்று இடங்களிலும் உள்ள மிக நுண்ணிய தமனிகளை உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே தாக்கி அடைத்துவிடும் அரிய நோய் சூசாக் சிண்ட்ரோம். அமெரிக்க மருத்துவர் ஜான் சூசாக் 1979இல் இரண்டு பெண்களிடம் இதைக் கண்டு எழுதினார். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். அதுவரை உலகெங்கும் பதிவானவர்களை 2013இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் திரட்டியபோது 304 பேரே தேறினர்.

நோயெதிர்ப்பு மண்டலத்தின் சிடி8 வகை டி செல்கள் தமனியின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு அங்குள்ள செல்களைக் கொல்கின்றன. சுவர் வீங்கி வழி குறுக, அப்பால் உள்ள திசு இரத்தமின்றி மடிகிறது.

மூளை பாதிக்கப்பட்டால் கடும் தலைவலி, மறதி, குழப்பம், குணமாற்றம் தோன்றும். வீட்டார் இதை மனநோய் என்று எண்ணிவிடுவதும் உண்டு. கண்ணில் கிளைத்தமனி அடைபட்டால் பார்வையில் ஒரு பகுதி மட்டும் இருண்டுபோகும். காதில் முதலில் மங்குவது தாழ்ந்த சுருதி ஒலிகள். சிலருக்கு ஒரே இரவில் கேட்கும் திறன் போய், இரைச்சலும் தலைசுற்றலும் மிஞ்சும்.

சிக்கல் என்னவென்றால், இவை மூன்றும் பெரும்பாலும் சேர்ந்து வருவதில்லை. மேற்சொன்ன திரட்டில் தொடக்கத்திலேயே மூன்றும் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 13 பேர்தான். ஒருவர் நரம்பியல் மருத்துவரிடமும் இன்னொருவர் கண் மருத்துவரிடமும் மூன்றாமவர் காது மருத்துவரிடமும் போய் நிற்பார். உறுதிசெய்யும் இரத்தப் பரிசோதனை ஏதும் கிடையாது. ஆகவே நோயாளி சொல்லாத உறுப்பையும் தேடிப் பார்ப்பதே கண்டறியும் வழி. விழித்திரையின் ஓரத்தில் உள்ள அடைப்பு நோயாளிக்கே தெரியாமல் இருக்கலாம். கைச் சிரையில் ஃப்ளூரசீன் சாயம் ஏற்றிப் படமெடுத்தால், அடைப்பிலிருந்து தள்ளியுள்ள தமனிச் சுவர்கூடச் சாயம் கசிந்து ஒளிரும்.

எம்.ஆர்.ஐ. படத்தில், மூளையின் இரு பாதிகளை இணைக்கும் கார்பஸ் கலோசத்தின் நட்டநடுவில் உருண்டைப் புள்ளிகள் தெரியும். கதிரியல் மருத்துவர்கள் இவற்றைப் பனிப்பந்து என்பார்கள். இதனோடு குழப்பிக்கொள்ளப்படும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் புள்ளிகள் பெரும்பாலும் கார்பஸ் கலோசத்தின் அடிவிளிம்பை ஒட்டியே இருக்கும். இந்த வேறுபாடு சிறியதல்ல. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று தவறாகக் கருதி அதற்கான இன்டர்ஃபெரான் பீட்டா மருந்தைக் கொடுத்ததில் நிலைமை மோசமானதாகப் பதிவுகள் உள்ளன.

சிகிச்சை தாமதமின்றி, கடுமையாகவே தொடங்கப்படுகிறது: சிரைவழி மெத்தில்பிரெட்னிசலோன், இம்யூனோகுளோபுலின், தேவைக்கேற்ப மைக்கோஃபெனோலேட், ரிட்டக்சிமாப், சைக்ளோபாஸ்ஃபமைடு. சிலருக்கு நோய் ஒரே சுற்றில், ஓரிரு ஆண்டுகளில் அடங்கிவிடுகிறது. சிலருக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. சிந்தனைத் தெளிவு பெரும்பாலும் மீள்கிறது. இழந்த கேட்கும் திறன் திரும்புவது அரிது. இரு காதும் செயலிழந்தவர்களுக்குக் காக்ளியர் இம்பிளான்ட் பலனளித்திருக்கிறது.