சிலிக்கான் பூசினா பிசிறு பிசிறா வருதா? மழமழன்னு முடிக்க இதைச் செய்தாலே போதும்!

கம்பம், கூடலூர், போடி பக்கம் ஜூன் பிறந்தாலே மலைக்காற்றும் சாரலும் சேர்ந்து அடிக்கும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். ஜன்னல் ஃபிரேமுக்கும் சுவருக்கும் நடுவே நூலளவு இடைவெளி இருந்தாலும் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். அதை அடைக்கத்தான் சிலிக்கான். ஆனால் பூசி முடித்த பிறகு பார்த்தால் கோணல்மாணலாக, திட்டுத்திட்டாக இருக்கும். ஏன் இப்படி?

5 நிமிடம்தான் கணக்கு

சிலிக்கான் காற்றிலுள்ள ஈரப்பதத்தை எடுத்துக்கொண்டு, மேலிருந்து உள்ளே மெல்ல இறுகும். பூசிய 5 முதல் 10 நிமிடத்தில் மேலே ஏடு படிய ஆரம்பிக்கும். அதன்பிறகு விரல் வைத்தால் இழுபடும், பிசிறடிக்கும். நாலு பக்கமும் பூசிவிட்டுத் திரும்பி வந்து தேய்ப்பதுதான் பலரும் செய்யும் தவறு. ஒரு பக்கத்தைப் பூசி, வழித்து முடித்த பிறகே அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டும்.

எதை வாங்குவது?

வினிகர் வாடை அடிக்கும் சாதாரண வகை கண்ணாடிக்கும் டைல்ஸுக்கும் ஏற்றது. சிமென்ட் சுவர், மார்பிள், இரும்புக்கு 'நியூட்ரல்' என்று கேட்டு வாங்குங்கள். பாத்ரூமுக்குப் பூஞ்சை பிடிக்காத சானிட்டரி வகை நல்லது. சிலிக்கான் மேல் பெயின்ட் ஒட்டாது; அதனால கலரை முதலிலேயே பார்த்து வாங்கிடணும்.

எப்படிப் பூசுவது?

1. பழைய சிலிக்கானைச் சுத்தமாகச் சுரண்டி எடுங்கள். அதன் மேல் புதுசு சரியாக ஒட்டாது.

2. தூசியைத் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். சாரல் அடிக்கும் நாளிலும், புழுதிக்காற்று வீசும் நேரத்திலும் இந்த வேலை வேண்டாம். ஈரத்தில் ஒட்டாது; புழுதி அப்படியே ஒட்டிக்கொள்ளும்.

3. இடைவெளியின் இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். கோடு நேராக வருவது இதனால்தான்.

4. மூக்கை 45 டிகிரி சாய்வாக, இடைவெளியின் அகலத்துக்கு ஏற்ப வெட்டுங்கள். ஓட்டை பெரிதானால் சிலிக்கான் வழியும்.

5. கன்னை ஒரே சீராக அழுத்தி, நிறுத்தாமல் நகர்த்துங்கள்.

6. சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் லேசாக ஒரே இழுப்பு. திரும்பத் திரும்பத் தேய்க்காதீர்கள். பூசும் முன் சோப்புத் தண்ணீர் இடைவெளிக்குள் போகவே கூடாது.

7. ஈரம் இருக்கும்போதே டேப்பை உரித்துவிடுங்கள். காய்ந்த பிறகு உரித்தால் ஓரம் பிய்ந்து வரும்.

குறைந்தது 24 மணி நேரம் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 2 முதல் 3 மி.மீ. ஆழம் வரைதான் இறுகும்.

நேர்த்தி அழகுக்கு மட்டுமா?

இல்லை. ஓரம் தூக்கி நின்றால் அங்கே தண்ணீரும் அழுக்கும் தங்கும்; கொஞ்ச நாளில் அங்கிருந்தே விட்டுப்போகும். மழமழப்பாக உட்கார்ந்தால்தான் தண்ணீர் வழிந்து ஓடும்.

இதை மட்டும் அடைச்சுடாதீங்க

அலுமினிய ஸ்லைடிங் ஜன்னலின் அடியில், வெளிப்பக்கம் சிறு துளைகள் இருக்கும். டிராக்கில் விழும் மழைத்தண்ணீர் வெளியேறும் வழி அது. ஒழுகுதேன்னு அதையும் சிலிக்கான் வைத்து அடைத்தால், டிராக் நிரம்பித் தண்ணீர் வீட்டுக்குள்தான் வரும்.