டர்போவும் சூடும்
டர்போ காரில், அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைப் பெரிதாகத் தனியே வாங்கி மாட்டுவது வெறும் பகட்டு என்பவர்கள் போர்ஷே 911 டர்போவின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். 1975இல் வந்த 3.0 லிட்டர் காரில் இன்டர்கூலர் கிடையாது, 260 குதிரைத்திறன். டர்போ அமுக்கிய காற்று சூடேறி, அடர்த்தி குறைந்து அப்படியே எஞ்சினுக்குள் போனது. 1978 மாடலில் பின்புற ஸ்பாய்லருக்கு அடியில் இன்டர்கூலர் இடம்பிடித்தது, திறன் 300. எஞ்சினையும்தான் 3.3 லிட்டராக்கினார்களே என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் கொள்ளளவு சுமார் 10 சதவீதம் கூட, திறன் 15 சதவீதம் கூடியது. காற்று குளிர்ந்ததால் நாக்கிங் (எரிபொருள் கலவை தானாகவே வெடிப்பது) பயம் தணிந்து, அமுக்க விகிதத்தையும் 6.5இலிருந்து 7.0க்கு ஏற்ற முடிந்தது.

அதற்காக இன்டர்கூலரைப் பெரிதாக்கிக்கொண்டே போகவும் கூடாது. குழாய் நீண்டால் பூஸ்ட் தாமதமாகும்; ரேடியேட்டருக்கு முன்னால் மாட்டினால் அதன் காற்றையும் மறைக்கும். இசியூ (எஞ்சின் கணினி) டியூனிங் இல்லாமல் இன்டர்கூலரை மட்டும் மாற்றுவது பாதி வேலைதான்.