தரை டிக்கெட்டும் தொடுதிரையும்

1977-இல் அருப்புக்கோட்டையில் வென்றுதான் எம்.ஜி.ஆர். முதன்முதலாக முதலமைச்சரானார். ஒரு நடிகரைக் கோட்டைக்கு அனுப்பிய கரிசல் இது. அவர் படங்களை இந்தக் கரிசலில் யார் எங்கே உட்கார்ந்து பார்த்தார்கள் என்பதையும் சேர்த்தே நாம் பேச வேண்டும்.

சினிமாவுக்கு முன்னால் கூத்தும் நாடகமும் கோயில் வாசலில் நடந்தன. பறையடிக்க நாம் வேண்டும். பார்க்க வந்தால் எட்ட நிற்க வேண்டும். 1905-இல் சாமிக்கண்ணு வின்சென்ட் படக்கருவியோடு ஊர் ஊராகக் கிளம்பினார். அந்த வழியில் வந்த டூரிங் கொட்டகை இந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டை போட்டது. தமிழர் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகைதான். அங்கே இடத்தைத் தீர்மானித்தது பிறப்பு அல்ல, கையிலிருந்த காசு என்று கார்த்திகேசு சிவத்தம்பி 1981-இல் எழுதினார். பொதுக் கேளிக்கை இடங்களில் சாதியின் பேரால் யாரையும் தடுக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவும் சொல்கிறது.

ஆனால் காசு யாரிடம் இருந்தது? மானாவாரிக் காட்டில் கூலி வேலை செய்தவருக்குக் கிடைத்தது தரை டிக்கெட். படம் முடிந்தால் இருட்டில் ஊர்த்தெருவைக் கடந்துதான் சேரிக்குத் திரும்ப வேண்டும். 1957 முதுகுளத்தூர் கலவரத்தைக் கண்ட சீமையில் அந்த நடை சின்ன விஷயமல்ல.

அடுத்து வந்த ஊராட்சித் தொலைக்காட்சி பெரும்பாலும் ஊர்ப்பக்கமே நின்றது. பெட்டி பொதுச்சொத்து, அது இருந்த திண்ணை பொதுவல்ல. 2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைக் கேலி செய்தவர்கள் இதை யோசிக்கவில்லை. யார் வாசலிலும் நிற்காமல் நம் வீட்டுப் பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்து படம் பார்த்தார்கள். அதன் பெயர் இலவசம் அல்ல, மரியாதை.

இப்போது திரை கைக்குள் வந்துவிட்டது. 2018-இல் மாரி செல்வராஜ் இயக்கி, பா. ரஞ்சித் தயாரித்த ‘பரியேறும் பெருமாள்’ போன்ற படங்களைக் குண்டாற்றங்கரைப் பிள்ளைகள் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். நம் வீட்டுப் பையனே செல்போனில் படம் பிடித்து வெளியிடுகிறான். நேற்றுவரை பார்வையாளராகக்கூட மதிக்கப்படாதவர்கள் இன்று படைப்பாளிகள்.

அதே செல்போனில் சாதிப் பெருமைப் பாட்டும் அரிவாள் காட்டும் காணொளியும் ஓடுகின்றன. முன்பு திருவிழாவுக்குக் கட்டிய குழாய் ரேடியோவில் வருடத்துக்கு ஒருமுறை கேட்ட வம்பு, இன்று தினமும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வருகிறது. எதைப் பார்த்து நின்றோமோ அதையே மேலும் மேலும் தள்ளிவிடும் கணினிக் கணக்கு, ஒவ்வொரு பையனையும் அவனவன் சாதித் தெருவுக்குள்ளேயே உட்கார வைக்கிறது. கொட்டகையிலாவது பக்கத்தில் வேறொருவர் இருந்தார்.

ஒவ்வொரு கருவியும் ஒரு கதவைத் திறந்தது. சாதி ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. ஆகவே கருவி நம்மை விடுவிக்கும் என்று காத்திருக்க வேண்டாம். வன்மக் காணொளியைக் கண்டால் சாட்சியமாகச் சேமிப்போம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் புகார் கொடுப்போம். நம் பெரியவர்களின் தரை டிக்கெட் கதைகளை இந்தச் செல்போனிலேயே பதிவு செய்வோம். அவர்கள் போய்விட்டால் அந்த வரலாறும் போய்விடும்.